மணல் முற்றத்தில் கோல்ஃப் பழகலாம்

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் காலை மின்ரயில் ஏறினால் சென்னை. அங்கே வண்டி மாறினால் நந்தனம். காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் அண்ணா சாலையை ஒட்டி அங்கேதான் இருக்கிறது. பழவேற்காடு ஏரியோரம் குடியிருக்கும் ஒருவர் கோல்ஃப் பழக வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டும். போக வர அரை நாள் ஓடிவிடும். போனாலும் அது கிளப் மைதானம், உறுப்பினர்களுக்குத்தான் முதல் இடம். கொடைக்கானலில் 1895 முதல் ஒரு கோல்ஃப் கிளப் உண்டு. ஊட்டியிலும், கோவை செட்டிபாளையத்திலும் மைதானங்கள் உண்டு. எல்லாமே இன்னும் தொலைவு.

அதற்காக இந்த விளையாட்டை டிவியில் பார்ப்பதோடு விட்டுவிட வேண்டியதில்லை. கோல்ஃபில் தேவைப்படும் கைத்திறனில் பெரும்பகுதியை வீட்டிலேயே பழகலாம். அதிலும் மணல் முற்றம் உள்ள வீட்டுக்காரருக்கு மாடிவீட்டுக்காரரைவிட வசதி அதிகம். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது.

முன்னுதாரணம் ஸ்பெயின் நாட்டு செவே பாலெஸ்டரோஸ். 1957இல் பெட்ரேனியா என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். எதிர்க்கரையில் சாந்தாந்தேர் நகரம், நடுவில் வளைகுடா. ஊரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. ஆனால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அதில் ஆட அனுமதி இல்லை, பணக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கத்தான் அனுமதி. அண்ணன் கொடுத்த ஒரே ஒரு பழைய 3 அயர்ன் என்ற இரும்புத்தலை மட்டையோடு கடற்கரை மணலில் பழகினார். ஒரு மட்டையை வைத்துக்கொண்டே உயரமாக, தாழ்வாக, வளைவாக, மெதுவாக என்று எல்லா அடியையும் அடித்தாக வேண்டிய நிலை. அப்படிப் பழகிய கை 1979, 1984, 1988 ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பனையும், 1980, 1983 ஆண்டுகளில் மாஸ்டர்ஸையும் வென்றது. நம் பக்கத்திலும் பை சுமந்து தொடங்கியவர்கள் உண்டு. பெங்களூருவின் சி. முனியப்பா அப்படி வந்து 2009இல் இந்தியன் ஓப்பனை வென்றார்.

இனி முற்றத்துக்கு வருவோம். எதில் தொடங்குவது?

புட்டிங்கில். கிரீன் எனப்படும் மழித்த புல்தரையில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளும் அடி அது. 18 குழிகளையும் முடிக்க மைதானம் வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் 72 அடி. அந்தக் கணக்கிலேயே குழிக்கு இரண்டு என்று 36 அடிகளைப் புட்டிங்குக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது பாதி. அதைப் பழக ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்ததைப் பலரும் விடியற்காலையில் எழுந்து பார்த்திருப்பீர்கள். வெண்கலம் ஒரே ஒரு அடியில் தவறியது. பந்தை வெகுதூரம் அடிக்கும் வீராங்கனைகளின் வரிசையில் அவர் பின்னால்தான் இருந்தார். அவரைப் பதக்கத்தின் வாசல்வரை கொண்டுபோனது புட்டர் மட்டைதான்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளை லட்சக்கணக்கில் அலசினார். முன்னணி வீரர்களையும் மற்றவர்களையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நீண்ட அடிகள்தான், புட்டிங்கின் பங்கு அதைவிடக் குறைவு என்பது அவர் கண்டது. வீட்டுப் பயிற்சியால் சாம்பியன் ஆகிவிட முடியாது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் வீணாக்கும் அடிகளில் நிறையவே குழிக்கு அருகில் வீணாகின்றன. அதைக் குறைக்க வீடு போதும்.

புட்டிங்கில் கோணமே எல்லாம். குழியின் விட்டம் 108 மி.மீ. பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மி.மீ. எட்டடி தூரத்தில், அதாவது சுமார் 2.4 மீட்டரில், பந்து குழியின் நடுவிலிருந்து 54 மி.மீ. விலகினால் விளிம்புக்கு வந்துவிடும். கணக்குப் போட்டால் அது ஒன்றேகால் டிகிரி. மட்டையின் முகம் அதற்குமேல் திரும்பியிருந்தால் பந்து விழாது. பிராடியின் கணக்கில், தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியில் பாதியைத்தான் போடுகிறார்கள். மூன்றடியில் நூற்றுக்கு 96. ஆகவே தொடக்கத்தில் மூன்றடி, நாலடிதான் உங்கள் களம். இருபதடியை நினைத்து ஏங்க வேண்டாம். அந்தத் தூரத்தில் அவர்களுக்கே நூற்றுக்குப் பதினைந்துதான் விழுகிறது.

கோணத்தைச் சரிசெய்ய இரண்டு தீப்பெட்டி போதும். புட்டரின் தலை நுழையும் அகலத்தைவிட விரற்கடை கூடுதலாக இடைவெளி விட்டு, பந்துக்கு இரு பக்கமும் நிறுத்துங்கள். எந்தத் தீப்பெட்டியையும் தட்டாமல் புட்டர் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். டைகர் வுட்ஸ் போட்டி நாளன்றும் பந்தை ஏற்றி வைக்கும் டீ குச்சிகள் இரண்டை நட்டு இதே பயிற்சியைச் செய்வார். அடுத்து, பந்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்து அதைக் குழி நோக்கி வையுங்கள். கோடு ஆடாமல் உருண்டால் முகம் நேராகப் பட்டிருக்கிறது, தள்ளாடினால் இல்லை. யாரும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதில்லை, பந்தே சொல்லிவிடும்.

குழிக்கு என்ன செய்வது? வீட்டுக்குள் என்றால் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். அதன் வாய் உண்மைக் குழியைவிடச் சிறியது, அதனால் நல்லதுதான். முற்றத்தில் என்றால் கழிவுநீருக்குப் போடும் 110 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு வாங்கி மண்ணில் இறக்குங்கள். உள்விட்டம் மைதானக் குழியை ஒட்டியே வரும். பிளம்பரிடம் கேட்டால் வெட்டிப்போட்ட துண்டு கிடைக்கும்.

தரைதான் அடுத்த சிக்கல். டைல்ஸிலும் சிமென்ட்டிலும் பந்து நிற்காமல் ஓடும். அந்த வேகத்துக்குப் பழகிய கை புல்லில் குழிக்கு முன்னாலேயே பந்தை நிறுத்திவிடும். கிரீனின் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் 1935இல் ஓர் எளிய கருவி செய்தார். பள்ளம் வைத்த நீளச் சட்டம் அது. பந்தை அதில் வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரியில் பந்து உருளத் தொடங்கும். தரையில் எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுவே வேகம். சாதாரண கிளப் மைதானங்களில் எட்டு, ஒன்பது அடி. பெரிய போட்டிகளில் பத்து, பன்னிரண்டு. வீட்டில் முக்கால் அங்குலக் குழாயை நீளவாக்கில் பிளந்து, தரையைத் தொடும் முனையிலிருந்து 76 செ.மீ. அளந்து பந்தை வையுங்கள். அந்த இடம் தரையிலிருந்து 26 செ.மீ. உயரத்தில் இருந்தால் கோணம் சரி. கருவியின் துல்லியம் வராது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். பாய், ஜமுக்காளம், பழைய கார்ப்பெட் என்று ஒவ்வொன்றிலும் உருட்டிப் பாருங்கள். எதில் எட்டிலிருந்து பத்தடிக்குள் நிற்கிறதோ அதுதான் உங்கள் கிரீன்.

ஏரிக்கரை ஊர்களில் இன்னொரு வழியும் உண்டு. நீர் தெளித்துப் பலகையால் இழுத்துச் சமன்செய்த மணல்தரையிலும் புட்டிங் பழகலாம். புல் வளராத வறண்ட ஊர்களில் எண்ணெய் கலந்த மணலையே கிரீனாக அமைத்து, அதை 'பிரவுன்' என்று அழைத்து ஆடிய மைதானங்கள் இந்தியாவில் பல. மணலில் ஆடுவது ஒன்றும் குறைவான கோல்ஃப் ஆகிவிடாது.

மணலின் உண்மையான பயன் புட்டிங்கைவிட அடுத்த கட்டத்தில்தான் தெரியும்.

அயர்ன் மட்டையால் அடிக்கும்போது மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும், பிறகுதான் தரையைத் தொட வேண்டும். புதியவர்களில் பெரும்பாலோருக்கு இது தலைகீழாக நடக்கிறது. பந்துக்கு நாலு விரற்கடை பின்னாலேயே மட்டை தரையில் இறங்கிவிடும், பந்து சோம்பலாக நகரும். மாடியில் விரித்த செயற்கைப் புல்லில் அடிக்கும்போது இந்தத் தப்பு தெரியவே தெரியாது. மட்டை வழுக்கிப் போய்ப் பந்தைத் தள்ளிவிடும். மணல் மறைக்காது.

காலையில் ஈரம் காயாத கெட்டி மணலில், நீங்கள் அடிக்கப்போகும் திசைக்குக் குறுக்காக ஒரு குச்சியால் இரண்டு மீட்டர் நீளக் கோடு கிழியுங்கள். கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவே வருமாறு நில்லுங்கள். பந்து வேண்டாம். 8 அயர்னோ 9 அயர்னோ, எது கையில் இருக்கிறதோ அதை எடுத்து இடுப்பு உயரம் வரை பின்னால் கொண்டுபோய், அதே உயரம் வரை முன்னால் வீசுங்கள். மணலில் ஒரு வெட்டுத் தடம் விழும். அது கோட்டில் தொடங்கி, இலக்குப் பக்கமாக ஓடினால் சரி. கோட்டுக்கு முன்பே தொடங்கியிருந்தால் உடல் எடை வலது காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். தடமே இல்லையென்றால் பயந்து கையைத் தூக்கிவிட்டீர்கள். கோட்டின் வழியே அரையடி நகர்ந்து அடுத்த வீச்சு, மறுபடி அரையடி. கோடு முடியும்போது உங்கள் தடங்கள் வரிசையாக எதிரில் கிடக்கும். எத்தனை கோட்டுக்கு முன், எத்தனை கோட்டில் என்று ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. (இங்கு வலக்கைக்காரருக்கு எழுதுகிறேன். இடக்கைக்காரர் திசையை மாற்றிக்கொள்ளவும்.)

தடம் கோட்டில் நிலைத்த பிறகு பந்தைக் கோட்டின் மேல் வையுங்கள். பத்தடி தள்ளி ஓர் அன்னக்கூடையோ பழைய சைக்கிள் டயரோ இலக்கு. இதுதான் சிப்பிங்: கிரீனுக்குச் சற்று வெளியிலிருந்து பந்தைக் குட்டையாகத் தூக்கிப் போடும் அடி.

அதே முற்றத்தின் உலர்ந்த, பொலபொலவென்ற மணல் வேறொரு பாடத்துக்கு ஏற்றது. மைதானங்களில் 'பங்கர்' என்ற மணற்குழிகள் உண்டு. மாடியில் பழகிய பலர் முதல்முறை அதில் இறங்கும்போது திணறிப்போவார்கள். அங்கே விதி நேர்மாறு: பந்தைத் தொடாமல், அதற்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் மணலை அடிக்க வேண்டும். எழும்பும் மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடும். இதற்கென்றே செய்த மட்டை சாண்ட் வெட்ஜ். அதன் அடிப்பகுதி முன்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். அதனால் மணலைத் தோண்டிக்கொண்டு போகாமல் சறுக்கிக்கொண்டு போகும். அமெரிக்காவின் ஜீன் சாரசன் பழைய மட்டையின் அடியில் ஈயப்பற்று வைத்துக் கனமாக்கி இதை உருவாக்கினார். 1932இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது அது அவர் பையில் இருந்தது.

பழக்கம் எளிது. 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு. பந்து முன்கோட்டில், அடி பின்கோட்டில். மட்டையின் முகத்தைக் கொஞ்சம் வானம் பார்க்கத் திருப்பி, அடித்தபின் நிறுத்திவிடாமல் முழுதாக வீசுங்கள். ஒரு விதியை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: பங்கரில் அடிப்பதற்கு முன் பந்தை ஒட்டி மணலில் மட்டையை ஊன்றக் கூடாது, ஒத்திகை வீச்சிலும் மணலைத் தொடக் கூடாது. தொட்டால் இரண்டு அடி அபராதம். முற்றத்திலும் மட்டையை அந்தரத்தில் பிடித்தே பழகுங்கள்.

இனி முழு வீச்சு. இதற்கு முதல் ஆதாரம் பிடி. மட்டை உள்ளங்கையில் புதையாமல் விரல்களில் கிடக்க வேண்டும். இடது கை மேலே, வலது கை கீழே; வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே உள்ள பள்ளத்தின் மேல் படிய வேண்டும். ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற ஹாரி வார்டன் பரப்பிய பிடி இது. கை சிறியவர்கள் அந்த விரல்களைக் கோத்துக்கொள்ளலாம். ராத்திரி டிவி பார்க்கும்போது மட்டையை எடுத்துப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பாருங்கள். பார்க்காமலே கை சரியாக அமரும்வரை இதைச் செய்ய வேண்டும்.

வீச்சின் விசை கையிலிருந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். வீச்சு வலை போடுபவரைக் கவனித்துப் பாருங்கள். வலையைத் தோளில் ஏற்றி, உடம்பைப் பின்பக்கம் முறுக்கி, எடையைப் பின்காலில் வாங்கிக்கொள்கிறார். பிறகு எடை முன்காலுக்கு மாறுகிறது, இடுப்பு திரும்புகிறது, அதைத் தொடர்ந்து தோள், கடைசியில்தான் கை. கை முந்தினால் வலை விரியாமல் கட்டியாக விழும். கோல்ஃப் வீச்சின் வரிசையும் இதேதான். ஏரியில் வலை வீசிப் பழகிய உடம்புக்கு இந்த வரிசை ஏற்கெனவே தெரியும். மற்றவர்கள் அதை மாதக்கணக்கில் கற்க வேண்டியிருக்கிறது.

கை முந்துகிறதா என்று பார்க்க ஒரு துண்டு போதும். அதை மார்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு அரை வீச்சு வீசுங்கள். துண்டு நழுவினால் கை தனியாக ஓடுகிறது. இதை வாசலில் செய்யுங்கள். ஒன்பதடிக் கூரையும் மின்விசிறியும் உள்ள அறையில் மட்டையைத் தலைக்குமேல் கொண்டுபோவது ஆபத்து. அறைக்குள்தான் முடியும் என்றால் துடைப்பக் கட்டையைப் பாதியாக வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முழு வீச்சில் உண்மைப் பந்தை அடிக்கலாமா? வலை இல்லாமல் கூடாது. சுமாரான ஆட்டக்காரர் மிக நீண்ட அடிக்கான டிரைவர் மட்டையால் அடித்தாலே பந்து மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டும். குப்பத்தில் வீடுகள் நெருக்கம், முற்றத்தில் குழந்தைகள், நிழலில் உட்கார்ந்து வலை பின்னுபவர்கள். பஞ்சுப் பந்தோ துளையிட்ட பிளாஸ்டிக் பந்தோ போதும்.

வலை கட்டுவதென்றால் கண்ணியின் அளவைப் பார்த்துக் கட்ட வேண்டும். பந்தின் சுற்றளவு 13.4 செ.மீ. கண்ணியை இழுத்துப் பிடித்து அளக்கும்போது 6.7 செ.மீ.க்கு மேல் இருந்தால் பந்து அப்படியே புகுந்து போய்விடும். அதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் வேகத்தில் பிதுங்கிக்கொண்டு போகும். இழுத்தால் 3 செ.மீ.க்குள் நிற்கும் சின்னக் கண்ணி வலையை எடுத்து, இரண்டு அடுக்காகத் தொங்கவிடுங்கள். விறைப்பாகக் கட்டினால் பந்து உங்கள் மீதே திரும்பும். தொய்வாக விட்டால் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். பல காலம் வெயிலில் கிடந்த நைலான் பார்வைக்கு நன்றாக இருக்கும், கையால் இழுத்தால் அறுந்துவிடும். அத்தகைய வலையை நம்பி உண்மைப் பந்தை அடிக்காதீர்கள்.

ஏரியை நோக்கி ஒருபோதும் அடிக்க வேண்டாம். பழவேற்காடு பறவைகள் சரணாலயம். பூநாரைகள் இறங்கும் சேற்றில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் போய்ச் சேரக் கூடாது. பஞ்சுப் பந்தைக்கூட மாலைக் கடற்காற்று தூக்கிப் போகும். காற்று எழும்புவதற்கு முன், காலையில் பழகுவதே நல்லது. உப்புக் காற்றில் மட்டைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். மணலைத் தட்டித் துடைத்து ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவி உள்ளே வையுங்கள்.

எவ்வளவு நேரம் பழகுவது என்பதைவிட எப்படி மாற்றி மாற்றிப் பழகுவது என்பது முக்கியம். 1978இல் கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் எட்டு வயதுக் குழந்தைகளை இலக்கு நோக்கிச் சிறு பைகளை எறியச் சொன்னார்கள். ஒரு குழு மூன்றடியிலேயே பழகியது. மற்றது இரண்டடியிலும் நாலடியிலும் பழகியது, மூன்றடியைத் தொடவே இல்லை. பிறகு மூன்றடியில் சோதித்தபோது நன்றாக எறிந்தது இரண்டாவது குழுதான். ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்து உருட்டினால் கை சரியாகிவிட்டதாகத் தோன்றும், அது அந்த இடத்துக்கு மட்டுமே. மூன்றடியில் ஒன்று, ஆறடியில் ஒன்று, சிப்பிங் ஒன்று, மறுபடி நாலடி என்று கலந்து ஆடுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் விலகி நின்று, புதிதாக நிலை எடுங்கள். மைதானத்தில் ஒரே அடியை அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்க யாரும் விடமாட்டார்கள்.

வீடு கற்றுத்தர முடியாதவையும் உண்டு. கிரீனின் சரிவு, புல் படிந்திருக்கும் திசை, நூற்றைம்பது மீட்டர் தள்ளி உள்ள இலக்கு, பந்து பறக்கும் பாதை ஆகியவற்றை மைதானத்தில்தான் பார்த்துப் பழக வேண்டும். அதனால் நந்தனத்துக்கோ வேறெங்குமோ முதல்முறை போகும் நாளில் நேராக டிரைவரை எடுக்காதீர்கள். முதலில் புட்டிங் கிரீனில் மூன்றடியில் பத்துப் பந்து போட்டு, உங்கள் பாயின் வேகத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு சரிவான இடத்தில் ஒரே புள்ளியைச் சுற்றி நாலு பக்கமிருந்தும் உருட்டிப் பாருங்கள். அதற்கடுத்துச் சிப்பிங், பயிற்சிக்குத் தனிப் பங்கர் இருந்தால் அதில் சில பந்துகள். நீண்ட அடிகளுக்குக் கடைசி அரைமணி போதும். முடிந்தால் பயிற்சியாளர் ஒருவரிடம் பிடியையும் நிற்கும் நிலையையும் மட்டும் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். ஒரே நாளில் ஐந்தாறு திருத்தங்களை வாங்கிக்கொண்டு வந்தால் முற்றத்தில் எதைப் பழகுவது என்று குழப்பம்தான் மிஞ்சும். ஒரு திருத்தத்தோடு வாருங்கள், அது மணல் தடத்தில் தெரியும்வரை பழகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.